பிரஷர் மாத்திரைக்குப் போட்ட பூட்டு

மருந்து அலமாரியின் பூட்டை உடைத்தது யார் என்று விசாரணை நடக்கிறதாம். ரம்யா என்ற இளம் செவிலியரை உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்களாம். அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள். உடைத்தது நான்தான். பெயர் பாக்கியம், அதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர். பூட்டோடு சித்தா பிரிவில் மருந்து அரைக்கிற கல்வத்தின் குழவி ஒன்றையும் காணவில்லை என்று எழுதியிருக்கிறார்களாம். அதற்கும் நான்தான் பொறுப்பு. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று சில நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன். ஆறுகிற வழியாக இல்லை, ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன்.

எங்கள் நிலையம் கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் போகிற பாதையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் கரிசல். மழை பெய்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஓடைக்கரைக் கல், பருத்திமார்க் கட்டு, சோளத்தட்டை அடுக்கிய படப்பு, எதைப் புரட்டினாலும் அடியில் தேள் இருக்க வாய்ப்புண்டு. நட்டுவாக்காலியைப் பார்த்துத்தான் எல்லோரும் அலறுவார்கள். கறுப்பாக, உள்ளங்கை அளவுக்கு இருக்கும் அது கொட்டினால் வலிதான். ஆளைக் கொல்வது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத செந்தேள்.

நான் படித்த காலத்தில் தேள்கடிக்குப் பாடத்தில் அரைப் பக்கம்கூட இல்லை. வலிக்கு மரப்பு ஊசி, பிறகு அலர்ஜி ஊசி, பிறகு டிரிப். வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் அதேதான் நடந்தது. குளத்தூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒருவரை ஒருமுறை கொண்டுவந்தார்கள். வரும்போது பேசிக்கொண்டுதான் வந்தார். கையும் காலும் சில்லிட்டிருந்தன, சட்டை பிழிகிற மாதிரி வேர்த்திருந்தது. குளிர்ந்து போயிருக்கிறாரே, ரத்த ஓட்டம் குறைந்துவிட்டதே என்று டிரிப்பை வேகமாக ஓடவிடச் சொன்னார்கள். ஓடவிட்டோம். சற்று நேரத்தில் மூச்சு இரைத்தது, வாயோரம் இளஞ்சிவப்பு நுரை தள்ளியது, முடிந்துவிட்டது. விஷம் ஏறிவிட்டது என்று வீட்டாரிடம் சொன்னார்கள். எங்களுக்கும் அதற்கு மேல் தெரியாது. ஒரு வட்டாரம் முழுக்கத் தேளோடு குடித்தனம் நடத்துகிறது, அந்த வட்டாரத்துச் செவிலியருக்கு அரைப் பக்கம் பாடம். இந்த அநியாயத்துக்கு யாரை விசாரிப்பது?

அதற்குப் பிறகுதான் டாக்டர் வேலாயுதம் எங்கள் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தார். மதுரைக்காரர். ஒல்லியான, சிடுசிடுப்பான மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். நாங்கள் தப்புச் செய்தால் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே செய்ததை முதலிலிருந்து சரிபார்ப்போம்.

அவர் எந்த நோயாளியையும் முகத்தைப் பார்த்துத் தொடங்க மாட்டார். காலைப் பார்த்துத்தான் தொடங்குவார். முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். கை கழுவித் துண்டில் ஈரம் போகத் துடைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வார். குளிர்ந்த கை பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. பிறகு நோயாளியின் கால் பெருவிரலைப் பிடிப்பார். அது குளிர்ந்திருந்தால் புறங்கையை முழங்காலில் வைத்து மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு வருவார். சூடு முடிந்து குளிர் தொடங்குகிற இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு மேலே ரத்தம் போகிறது, கீழே போகவில்லை என்று கணக்கு. பிறகுதான் நாடி, பிரஷர், நெஞ்சு எல்லாம். மறுபடி பார்க்கும்போது கோடு எங்கே நிற்கிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கோடு கீழே இறங்கினால் அவர் முகத்தில் சிடுசிடுப்புக் கொஞ்சம் குறையும்.

காலில் பேனாவால் கோடு போடுகிற டாக்டரை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. வார்டு உதவியாளர் கணபதி அவருக்குக் 'கோட்டு டாக்டர்' என்று பெயரே வைத்துவிட்டார். அது டாக்டர் காதுக்கும் எட்டியது. ஒருநாள் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ரத்தக்குழாய்னா வெறும் ரப்பர் ட்யூப்னு நெனைச்சிக்கிட்டு இருக்கீங்க. அதோட சுவர்ல தசை இருக்கு. அந்தத் தசை எந்நேரமும் லேசா இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். வெயில்ல நின்னா தோல்ல இருக்கிற குழாய் இளகும், உடம்புச் சூடு வெளிய போகும். பயந்தா இறுகும், முகம் வெளிறிப்போகும். சோறு தின்னா வயித்துப்பக்கம் இளகும். படுத்துக் கெடந்தவன் எழுந்து நின்னா, ரத்தமெல்லாம் காலுக்கு எறங்கிராம கால்பக்கம் இறுகும். அந்தப் பிடி இல்லைன்னா நாம யாரும் எழுந்து நிக்கவே முடியாது, மயங்கி விழ வேண்டியதுதான். எங்கே இறுக்கணும், எங்கே இளக்கணும்னு நரம்பு சொல்லிக்கிட்டே இருக்கும். நம்மளைக் கேட்டு எதுவும் நடக்கிறதில்லை."

பிறகு கணபதியைப் பார்த்துக் கேட்டார். "உங்க ஊர்ல தெருக்குழாய் அத்தனையும் ஒரே நேரத்துல அடைச்சிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டா என்ன ஆகும்?"

தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்தே பழகிய ஊர்க்காரர் கணபதி. அவருக்கு இதற்கு யோசிக்கத் தேவையிருக்கவில்லை. "மெயின் பைப்பு எங்கனயாவது பிச்சிக்கிட்டுப் பீச்சும் சார். இல்லேன்னா மோட்டாரு காயில் கருகிரும்."

"செந்தேள் விஷம் பண்றது அதுதான். இறுக்கு, இறுக்குன்னு நரம்பை உசுப்பி விட்டுருது. கைகாலுக்குப் போற குழாயெல்லாம் இறுகுது. அதனாலதான் கால் சில்லுன்னு இருக்கு, ரத்தம் குறைஞ்சு இல்லை. இருதயம் முட்டி மோதித் தள்ளுது, தள்ள முடியலைன்னா நுரையீரல்ல தண்ணி கசியுது. நீங்க அப்பத்தான் டிரிப்பை வேற ஏத்துறீங்க."

உப்பளத்துக்காரரின் வாயோரத்து நுரை எனக்கு ஞாபகம் வந்தது. 

அவர் கொண்டுவந்த வைத்தியம் எளிமையானது. பிரசோசின் என்று ஒரு மாத்திரை. பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுப்பது. இறுகிய குழாய்களை இளக்குவதுதான் அதன் வேலை. தேள் போட்ட முடிச்சை அது அவிழ்க்கும். எடைக்குத் தக்கபடி டாக்டர் அளவு சொல்வார். கொடுத்த பிறகு ஒரே ஒரு கட்டளை, படுத்தே இருக்க வேண்டும். இளகிய உடம்பை நிமிர்த்தினால் ரத்தம் முழுவதும் காலுக்கு இறங்கி மூளை காய்ந்துவிடும். அவசரச் சிகிச்சைத் தட்டில் அந்த மாத்திரைக்கென்று ஒரு டப்பா வைத்து, அவர் கையாலேயே ஒரு சீட்டு எழுதி ஒட்டினார். தேள். பெருவிரலைத் தொடு. டாக்டரைக் கேட்டுக் கொடு. படுக்க வை. தூக்காதே. அவ்வளவுதான் அதில் இருந்தது. அதன் பிறகு எங்கள் நிலையத்துக்குத் தேள்கடியோடு வந்தவர்கள் பெரும்பாலும் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள்.

இப்போது மாரிச்செல்வியின் கதைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் போகிற வயசுப் பெண் பிள்ளை. அப்பா சுடலைமுத்து ஆடு மேய்க்கிறவர். அறுப்பு முடிந்த காடுகளில் உரத்துக்காகக் கிடை போடுவார். விடிகாலையில், ஆடுகளை அடைக்கிற தட்டியான கிடைமறிக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைப் பிள்ளை புரட்டியிருக்கிறாள். கையில் கொட்டிவிட்டது. முதலில் டவுனில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது உச்சிவெயில்.

"பூச்சி கடிச்சிட்டு சிஸ்டர்," என்றாள் பிள்ளையின் அத்தை பேச்சி. "டவுன்ல ஊசி போட்டாவ. பூச்சிக்கடிதான், சரியாயிரும், வீட்டுக்குப் போங்கன்னுட்டாவ. இப்பம் பாருங்க, பிள்ள சில்லிட்டுப்போயி கெடக்கா."

நோயாளிச் சீட்டு எழுதுகிறவர் அவள் சொன்னபடியே பூச்சிக்கடி என்று எழுதிவிட்டார். டவுன் கிளினிக்கிலும் அப்படித்தான் எழுதி அலர்ஜி ஊசி போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் இந்தப் பூச்சி என்கிற சொல் பெரிய வம்பு. எறும்பும் பூச்சி, வண்டும் பூச்சி, பாம்பும் பூச்சி, தேளும் பூச்சி. 'பூச்சி பொட்டு கெடக்கும், பாத்துப் போ' என்று சொல்கிற வாய், கடிபட்ட ஆள் முன்னால் அதன் பெயரைச் சொல்லவே சொல்லாது. பெயரைக் கேட்டால் விஷம் சிலிர்த்துக்கொண்டு தலைக்கு ஏறும் என்று ஒரு நம்பிக்கை. ஆள் பிழைத்து எழுந்த பிறகுதான் பெயர் வெளியே வரும். வெளியூரிலிருந்து வருகிற டாக்டருக்கு இது எப்படித் தெரியும்?

டாக்டர் வேலாயுதம் கையைத் தேய்த்துக்கொண்டு வந்து பெருவிரலைப் பிடித்தார். புறங்கையை முழங்காலில் வைத்தவர் கீழே இறக்காமல் மேலே கொண்டுபோனார். கோடு தொடையில் விழுந்தது. அவ்வளவு உயரத்தில் கோடு விழுந்து நான் பார்த்ததில்லை.

"எந்தப் பூச்சிம்மா?"

"பூச்சிதான் சாமி."

"பறக்கிறதா, ஊர்றதா?"

பேச்சி பிள்ளையைப் பார்த்தாள், தன் அண்ணன் சுடலைமுத்துவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டருக்குச் சட்டென்று என்னவோ புரிந்துவிட்டது.

"பேரைச் சொல்ல வேண்டாம்மா. கையால காட்டு."

பேச்சி ஆள்காட்டி விரலைத் தூக்கி, நுனியைக் கொடுக்குப் போல வளைத்துக் காட்டினாள்.

"சிஸ்டர், பிரஷர் மாத்திரையைக் கொண்டாங்க," என்றார் டாக்டர்.

அந்த வார்த்தை வாசல்வரை கேட்டுவிட்டது. வாசலில் சுடலைமுத்துவோடு வந்த ஊர்ப் பிரமுகர் ஒருவர் நின்றார். பெயர் வேண்டாம். எங்கே நாலு பேர் கூடினாலும் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கிற ஆள்.

"ஏலே சுடல, என்னத்தல பாத்துக்கிட்டு நிக்க? பச்சப் பிள்ளைக்கு பிரஷர் மாத்திரையக் குடுக்காரு. எங்க ஐயா திங்கிறதுல்லா அது."

டாக்டர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சுடலைமுத்துவிடம்தான் பேசினார். "உங்க பிள்ளைக்கு உடம்பெல்லாம் இறுகிக் கெடக்கு. அதை அவிழ்க்கத்தான் இந்த மாத்திரை. குடுத்த பிறகு படுத்தேதான் இருக்கணும். நீங்க யாரும் தூக்கக் கூடாது. புரியுதா?"

"சரி சாமி," என்றார் சுடலைமுத்து.

நான் மாத்திரையைப் பொடித்துக் கரண்டித் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். பிள்ளையின் தலை முழுக்க வேர்வை. இதயம் கைக்குள் பிடித்த கோழிக்குஞ்சு போல அடித்தது. இருமத் தொடங்கினாள். டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆக்சிஜன் வைத்தோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். கோடு கொஞ்சமாவது இறங்கட்டும், இந்த நிலையில் குண்டும் குழியுமான ரோட்டில் போட்டு உருட்ட முடியாது என்றார். நானும் அவரும் மாறி மாறிப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு வேளை போனது தெரியவில்லை. கோடு தொடையிலிருந்து முழங்காலுக்கு வந்தது. இருமல் தணிந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கியபோது பிள்ளை கண்ணைத் திறந்து, "எப்பா," என்றாள்.

நான் அடுத்த வேளை மருந்தை எடுக்கத் திரும்பினேன். டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சுடலைமுத்து பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கித் தரையில் நிறுத்திவிட்டார்.

"எந்தி தாயி. நில்லு. காலை ஊணு."

பிள்ளையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கண் செருகியது. துணி மாதிரி அவர் கையில் துவண்டாள். பேச்சி போட்ட அலறலில் வெளியே நின்ற கூட்டம் உள்ளே பாய்ந்துவிட்டது. டாக்டர் ஓடிவந்து பிள்ளையைத் தரையிலேயே மல்லாக்கப் படுக்கவைத்தார். "காலைத் தூக்குங்க சிஸ்டர்," என்றார். நான் தரையில் உட்கார்ந்து அவளுடைய இரண்டு கால்களையும் என் தோளில் போட்டுக்கொண்டேன். நாடி கிடைக்கவில்லை, பிறகு நூல் மாதிரிக் கிடைத்தது, பிறகு நன்றாகவே கிடைத்தது. மறுபடி "எப்பா," என்றாள். அப்போது என் நெஞ்சு அடித்த அடியை அவளுடைய காலே கேட்டிருக்கும்.

சுடலைமுத்து மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். "குட்டி சீக்காக் கெடந்தா தூக்கி நிப்பாட்டிப் பாப்போம் சிஸ்டர். கால ஊணி நின்னுட்டுன்னா பொழச்சிக்கிடும். பிள்ள கண்ண முழிச்சுட்டாளே, நின்னுருவாளான்னு பாத்தேன்." அவரை என்ன சொல்லித் திட்டுவது? தூக்காதே என்றுதான் சொல்லியிருந்தோம். நிறுத்தாதே என்று சொல்லவில்லை. அவர் கணக்கில் அவர் தூக்கவில்லை, பிழைத்தாளா என்று பார்த்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் கோடு கணுக்காலைத் தாண்டிப் பாதத்துக்கு இறங்கியது. பெருவிரல் வெதுவெதுப்பாக இருந்தது. ஆம்புலன்சில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சில நாளில் திரும்பி வந்து பள்ளிக்கூடமும் போய்விட்டாள்.

ஊர்ப் பிரமுகர் கைப்பேசியில் எடுத்திருந்த வீடியோ அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. அதில் டாக்டர் பிரஷர் மாத்திரை கேட்பது இருந்தது. பிள்ளை துவண்டு விழுவது இருந்தது. பேச்சியின் அலறல் இருந்தது. அப்பா தூக்கி நிறுத்தியது இல்லை, பிள்ளை பிழைத்தது இல்லை. மேலிடத்திலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இன்றைக்கும் என் காதில் அறைகிறது.

"அந்தப் பிள்ளைக்கு பிரஷர் கார்டு இருக்கா?"

பிரஷர் நோயாளி என்று பதிந்தவர்களுக்கு மாத்திரை வாங்கக் கொடுக்கிற அட்டையைக் கேட்டார். டாக்டர் நிதானமாகப் பதில் சொன்னார். தேள் விஷம் குழாய்களை இறுக்குவதையும் மாத்திரை இளக்குவதையும் எங்களுக்குச் சொன்ன அதே பொறுமையோடு அவருக்கும் சொன்னார். விசாரணைக்கு வந்தவர் நோயாளிச் சீட்டைத் தூக்கிக் காட்டினார். "இதுல பூச்சிக்கடின்னு இருக்கு. டவுன் கிளினிக் சீட்டுலயும் பூச்சிக்கடி. நீங்க தேளுங்கறீங்க."

பேச்சியைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பிழைத்துவிட்டதால் இப்போது அவளுக்குத் தடையில்லை. "செந்தேளுதான் ஐயா. எங்கண்ணன் கல்லால நசுக்கிப் போட்டாவ, நானே பாத்தேன்," என்றாள்.

"அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"பிள்ள கண்ணு முன்னால எப்படிங்கய்யா சொல்லுவோம்? விஷம் ஏறிராதா?"

அவர் சிரித்தார். கூட வந்திருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு பூச்சிக்கடிக்கு வந்த குழந்தைக்கு, அட்டை இல்லாமல், பிரஷர் நோயாளிகளின் மாத்திரையைக் கொடுத்தது என்று குற்றச்சாட்டு எழுதினார். நான் எழுந்து பேசினேன். என் வாக்குமூலத்தைத் தனியாகப் பிறகு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் ஓய்வுபெறும்வரை யாரும் வந்து வாங்கவில்லை.

டாக்டர் வேலாயுதத்துக்கு மெமோ கொடுத்து வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அதை எதிர்த்து அவர் வாதாடவில்லை என்பதில் எனக்கு அவர் மீதும் கோபம் உண்டு. போகிற அன்று ஊசி அறைக்கு வந்து தட்டைப் பார்த்தார். ஓரம் பிரிந்திருந்த சீட்டைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு, "டப்பா காலியாகாம பாத்துக்கோங்க சிஸ்டர்," என்றார். 'தூக்காதே' என்பதற்குக் கீழே 'நிறுத்தாதே' என்று ஒரு வார்த்தையும் சேர்த்து எழுதினார். அவருக்குப் பிறகு வந்த டாக்டர்களிடம் நானே அந்த டப்பாவைக் காட்டி விவரம் சொல்வேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சரிதான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் வேலையில் இருந்தவரை அது காலியானதில்லை.

ஓய்வுக்குப் பிறகு எனக்கே பிரஷர் வந்துவிட்டது. மாத்திரை வாங்க அங்கேதான் போகிறேன். போன மாதம் போனபோது ஊசி அறையை எட்டிப் பார்த்தேன். தட்டு பளபளவென்று புதிதாக இருந்தது. டப்பாவும் இல்லை, சீட்டும் இல்லை. ரம்யாவிடம் கேட்டேன்.

"பிரஷர் மாத்திரை எல்லாம் இனி தனி அலமாரியில பூட்டித்தான் வைக்கணும்னுட்டாவ அக்கா. பிரஷர் கார்டு எத்தன இருக்கோ, மாத்திரைக் கணக்கு அதோட ஒத்து வரணுமாம். கார்டு இல்லாம ஒண்ணு வெளிய போனாலும் நாமதான் பதில் சொல்லணும். சாவி பார்மசிஸ்ட் கைல."

"தேள்கடி வந்தா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணச் சொல்லுதாவ."

ரெஃபர். எனக்கு வந்த ஆத்திரத்தில் பிரஷர் பார்த்தால் கருவி வெடித்திருக்கும். அந்த வாக்குவாதத்தின் நடுவிலேயே வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உளுந்தஞ்செடிப் படப்பைப் பிரித்துக்கொண்டிருந்த தாயம்மா என்ற பெண்ணை அவள் கணவர் கைத்தாங்கலாக இறக்கினார். முந்தானை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"பூச்சி கடிச்சிட்டும்மா," என்றார் அவர்.

ரம்யா பேனாவை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் ஆள்காட்டி விரலை வளைத்து அவருக்குக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். தாயம்மாவைப் படுக்கவைத்தேன். கையைச் சேலையில் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பெருவிரலைப் பிடித்தேன். கிணற்றுக்கல் மாதிரி இருந்தது. ரம்யாவின் பேனாவை வாங்கி முழங்காலுக்கு மேலே கோடு போட்டேன்.

டாக்டர் கூட்டத்துக்குப் போயிருந்தார். ரம்யா போன் போட்டு நாடி, பிரஷர், கால் குளிர்ச்சி எல்லாம் சொன்னாள். சின்ன வயதுக்காரர்தான், உடனே புரிந்துகொண்டார். "பிரசோசின் குடுங்க, படுக்க வச்சே குடுங்க," என்று அளவும் சொன்னார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. நான் கிளம்பிட்டேன்."

மாத்திரை பூட்டுக்குள் இருந்தது. சாவி பார்மசிஸ்ட்டோடு அதே கூட்டத்தில் இருந்தது. தாயம்மா இருமத் தொடங்கினாள்.

சித்தா பிரிவு கதவு திறந்து கிடந்தது. கல்வத்துக்குள் கருங்கல் குழவி இருந்தது.

"அக்கா, வேண்டாம்க்கா," என்றாள் ரம்யா. "மெமோ குடுத்துருவாவ."

"எனக்கு எப்படிட்டி குடுப்பாவ? நான் ரிட்டயர்டு ஆனவ. நீ அந்தப் பொம்பள காலைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

ஓங்கிப் போட்டதில் பூட்டு நாதாங்கியோடு கழன்று விழுந்தது. டாக்டர் சொன்ன அளவை எடுத்து ரம்யாவே கொடுத்தாள். தாயம்மாவின் கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, தூக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்று இரண்டையும் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். ஆம்புலன்ஸ் வந்ததும் படுத்தபடியே ஏற்றினோம். ரம்யா கூடவே போனாள். அந்த அவசரத்தில் குழவியை என் மாத்திரைப் பைக்குள் போட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பையைத் திறக்கும்போது ரம்யா போன் செய்தாள்.

"அக்கா, பெருவிரல் சூடாயிட்டு."

தாயம்மா இப்போது களையெடுக்கப் போகிறாள். விசாரணைக்கு வந்தவர் ரம்யாவிடம் முதலில் என்ன கேட்டாராம் தெரியுமா? அந்த அம்மாவுக்குப் பிரஷர் கார்டு இருக்கிறதா என்று. ஆள் மாறிவிட்டார், வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது, கேள்வி மட்டும் மாறவில்லை. சீட்டில் பூச்சிக்கடி என்று இருக்குமென நினைத்துத்தான் கையில் எடுத்தாராம். ரம்யா அதில் செந்தேள் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.

விசாரிப்பவர்களுக்கு என் வாக்குமூலம் இதுதான். டாக்டர் வேலாயுதத்தின் விசாரணையில் என்னிடம் வாங்காமல் விட்டதையும் இதோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். தட்டில் அந்த டப்பாவையும் சீட்டையும் திரும்ப வையுங்கள். வைக்கும்வரை பிரஷர் மாத்திரை வாங்குகிற சாக்கில் நான் வந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், எனக்குக் கார்டு இருக்கிறது.

அலமாரிக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். குழவி என்னிடம்தான் இருக்கிறது.